முகம் சிவக்காதவர்கள்

ஓய்வு பெற்ற ஒருவரின் பணி அனுபவம் என்றதும் நரைத்த தலை ஒன்றை நினைத்திருப்பீர்கள். எனக்கு இன்னும் முப்பத்து நாலு முடியவில்லை. சைகோனில் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியும் கைமாறியது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் போயிருந்த எங்களைக் கூப்பிட்டு, கையில் கப்பல் சீட்டைக் கொடுத்து, நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள் என்று சொன்னார்கள். இப்படித்தான் நான் பெரியவன் ஆனேன்.

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினால் அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஊசி போடுவதையும் கட்டுக் கட்டுவதையும் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் ஒரு விஷயம் ஓடியது. அதை முதலில் நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம், பிறகு சரியாகப் புரிந்துகொண்டோம். இரண்டில் எது அதிகம் கெடுத்தது என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தெத் என்பது வியத்நாம்காரர்களுடைய புது வருஷம். அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சமையல்கூடத்துக்குப் பின்னால் கூடி ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பை அரிசிச் சாராயம் குடிப்போம். ஒரு கோப்பைதான். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பாதிப் பேருக்கு முகம் சிவந்துவிடும். லேசான சிவப்பு இல்லை. காது மடலிலிருந்து கழுத்து வரை குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல இருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலை வலிக்கும். ஒரு சிலர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார்கள். நம் ஊரில் குடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இப்படிச் சிவந்தவர்களைப் பார்த்ததே இல்லை.

எங்கள் மேற்பார்வையாளர் வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு வருவார். சிவந்தவன் வெறியில் இருக்கிறான், வீட்டுக்குப் போகட்டும். சிவக்காதவன் தெளிவாக இருக்கிறான், வார்டுக்குப் போகட்டும். நான் சிவக்காதவன். ஒவ்வொரு தெத்துக்கும் டூட்டி எனக்குத்தான். அப்படி ஒரு தடவை நான் கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கீழே போட்டு உடைத்தபோதுகூட, பாவம் களைத்துப் போயிருக்கிறான் என்றார்களே தவிர, குடித்திருக்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவப்புதான் குடியின் அடையாளம் என்று அங்கே எல்லோரும் நம்பினோம். நோயாளியைச் சேர்க்கும்போது, குடிப்பீர்களா என்று ஒரு கேள்வி கேட்போம். இல்லை என்பார்கள். அந்தப் பதிலை யாரும் நம்பியது கிடையாது. முகத்தைத்தான் நம்பினோம்.

சிவப்பவர்களில் முதல் ஆள் லூயி. எக்ஸ்ரே அறையில் படம் கழுவுகிறவன், என் வயது. அப்பா காரைக்கால்காரர், சைகோன் போலீஸில் இருந்து இறந்தவர். அம்மா அந்த ஊர்க்காரி. லூயி சாராயத்தை முகர்ந்தாலே சிவந்துவிடுவான் என்று சொல்லிச் சிரிப்போம். மிசியே செம்பரத்தை, அதாவது செம்பருத்தி ஐயா, என்று அவனுக்குப் பெயர். படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கு ஒன்று எரியுமே, அது அடிக்கடி பழுதாகும். உடனே யாராவது, விளக்கு வேண்டாம், லூயிக்கு ஒரு கோப்பை கொடுங்கள் போதும் என்பார்கள். அவனும் சிரிப்பான்.

அந்த வருஷம் தெத் முடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது ஊருக்குள்ளேயே சண்டை தொடங்கியது. பிரெஞ்சுப் படை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது, அவர்கள் விட்டுப்போகும் நாற்காலிக்கு இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் தெருத் தெருவாக எரிந்தது. எங்கள் வராந்தாவில் நடக்க இடமில்லாமல் ஆட்கள் கிடந்தார்கள். மின்சாரம் வரும், போகும். அறுவை அறைக்கு ஒரே சர்ஜன். பாரிஸில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த வியத்நாம்காரர், என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். பேச்சு குறைவு. பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு நடப்பார். ஏன் பற்றவைப்பதில்லை என்று ஒருநாள் கேட்டதற்கு, பற்றவைத்தால் உட்காரத் தோன்றும் என்றார்.

அப்படி ஒரு காலையில் லூயியின் அண்ணன் சவேரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கான் ஹோய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். குண்டு ஒன்று பக்கத்தில் விழுந்த அதிர்ச்சியில் கிரேன் ஏணியிலிருந்து தவறி விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்திருந்தது. தலையில் பெரிய வீக்கம். ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. நான் காரைக்கால் என்றதும், எந்தத் தெரு தம்பி என்று என்னைக் கேட்டார். அவர் காரைக்காலைப் பார்த்ததே இல்லை. அப்பா சொல்லிக் கேட்டதுதான். லூயியே அண்ணனின் தலையைப் படம் எடுத்தான். மண்டையில் விரிசல் இல்லை.

சர்ஜன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். குடிப்பாரா? சவேரி பதில் சொல்லும் முன்னால் லூயி சொன்னான், எங்கள் குடும்பத்துக்கே அது ஒத்துக்காது, என்னைத்தான் பார்த்திருக்கிறீர்களே என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் களேபரத்தில் சிரிக்க ஒன்று கிடைத்ததே என்று சர்ஜனும் சிரித்தார். அப்பா எதில் இறந்தார்? காய்ச்சலில். அதோடு விஷயம் முடிந்தது.

லூயி ஏன் அப்படிச் சொன்னான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களைத் திகைக்க வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. துறைமுகக் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர்ப்பக்கம் வேர் உள்ள தொழிலாளிகளுக்குக் குடும்பத்தோடு கப்பல் சீட்டு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். குடிகாரன் என்று பெயர் எடுத்தவனுக்குச் சீட்டும் இல்லை, வேலைக்கான பணமும் இல்லை. சவேரியின் மனைவி முந்தைய வருஷம் காசநோயில் போய்விட்டாள். ஏழு வயதில் ஒரு பெண், அதற்கு இளையவனாக ஒரு பையன். எரிகிற ஊரிலிருந்து அந்த இரண்டு பிள்ளைகளையும் வெளியே கொண்டுபோக அவருக்கு இருந்த ஒரே வழி அந்தச் சீட்டுதான். லூயி அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பொய் சொன்னான். எங்கள் எல்லோருக்கும் அவன் முகமே சாட்சியாக இருந்ததால் அது பொய்யாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் ஆளுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் காலையில் பார்த்தால் வேர்த்துக் கொட்டுகிறது. விரல் நடுங்குகிறது. போர்வையில் நண்டு ஊர்கிறது என்று தட்டிவிடுகிறார். மத்தியானத்துக்குள் எங்களை அடையாளம் தெரியவில்லை. முறிந்த காலை எடை கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அந்த நிலையிலேயே இரண்டு கையாலும் காற்றில் கம்பிகளை இழுக்கிறார், தள்ளுகிறார். கண் மேலே எதையோ தொடர்கிறது. "மெதுவா எறக்கு, கீழ ஆள் நிக்குது" என்று கத்துகிறார். அவர் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரன் பயந்து தலையை மூடிக்கொண்டான்.

சர்ஜன் வந்து பார்த்தார். தலையில் அடிபட்டு விழுந்தவன், இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டுப் புத்தி தடுமாறினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். வயிற்றில் குண்டு பாய்ந்த ஒருவன் அறுவை மேசையில் இருந்தான், அவன் முடிந்ததும் சவேரி. தலையை மழித்துத் தயாராக வை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மழிப்பது ஒரு நல்ல வேலை, நண்பர்களே. யாரும் அதை மதிப்பதில்லை. ஆனால் ஒரு மனிதனின் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்கும் வாய்ப்பு சர்ஜனுக்குக்கூடக் கிடைக்காது. கண்ணின் கருமணி இரண்டும் ஒரே அளவு. நடுக்கம் இரண்டு கையிலும் ஒரே மாதிரி. தலைக்குள் ஒரு பக்கம் ரத்தம் அழுத்தினால் இப்படி இருபக்கமும் சமமாக இருக்காதே. அந்த வேர்வையும் வேறு மாதிரி இருந்தது. அப்போதுதான் காரைக்காலில் படிக்கும்போது பார்த்த ஒரு ஆள் நினைவுக்கு வந்தான். சிறையிலிருந்து கொண்டுவந்த சாராய வியாபாரி. உள்ளே போட்டதும் குடி நின்றுபோய்விட்டது. இரண்டு மூன்று நாளில், இல்லாத தராசில் இல்லாத சரக்கை நிறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெடுநாள் குடித்தவனுக்குத் திடீரென்று குடி நின்றால் உடம்பு இப்படி ஆடும். கை தன் தொழிலைத் தானே செய்யும்.

ஆனால் இவர்கள் குடும்பத்துக்குத்தான் ஒத்துக்காதே. கத்தியை வைத்துவிட்டு இருட்டறைக்கு ஓடினேன். லூயியை நேராகக் கேட்டேன். இல்லை என்றான். மறுபடி கேட்டேன். மண்டையைத் திறக்கப் போகிறார்கள், உண்மையைச் சொல் என்றேன். "எத்தனை தடவ கேட்டாலும் இல்லதான்" என்று சொல்லிவிட்டுப் படத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டான். உள்ளே ரத்தம்தான் கசிகிறது என்று அவன் உண்மையாகவே நம்பினான். அவனைப் பொறுத்தவரை வெறி என்றால் சிவக்க வேண்டும், வாந்தி எடுக்க வேண்டும். அண்ணன் குடிப்பார், ஆனால் ஒருநாளும் வெறித்ததில்லை. அப்படியிருக்க, குடிப்பழக்கத்துக்கும் இந்த வியாதிக்கும் என்ன சம்பந்தம், எதற்காகச் சீட்டைப் பறிகொடுக்க வேண்டும்?

திரும்பி வந்தால் வார்டு வாசலில் அவர்கள் அம்மா நிற்கிறார், எனாமல் தூக்கில் கஞ்சியோடு. அவருக்குத் தமிழ் வரும். கணவரிடம் கற்றது, அசல் போலீஸ்காரத் தமிழ். மரியாதைச் சொல் அதில் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் தலைமை டாக்டரையே ஒருமுறை, ஏன்டா மொறைக்கிற என்று கேட்டவர். என்னைப் பார்த்ததும், "டேய் நர்ஸு, என் புள்ள தலைய ஏன்டா செரைச்ச?" என்றார்.

எனக்கு நேரம் இல்லை. அவரிடம் போய், உங்கள் மகன் குடிப்பாரா என்று கேட்டால், லூயி சொன்னதைத்தான் சொல்வார். வீட்டில் பேசி வைத்திருப்பார்கள். அந்த நிமிஷத்தில் எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, தெத் பண்டிகையில் லூயி சிவப்பதைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவனுக்கு அது யார் வழியில் வந்தது என்று கேட்டேன்.

"என் வழிடா. எங்கப்பன் செவப்பு, எங்கண்ணன் செவப்பு. நானும் ஒரு மூடி குடிச்சா கோழிக் கொண்டை."

"பெரியவரும் அப்படித்தானா?"

"அவனா?" என்றார். அந்த முகத்தில் வந்தது பெருமை. "அவன் அவங்கப்பன்டா. ஒரு பாட்டில் உள்ள போனாலும் மொகம் மாறாது. விடிய எழுந்து ஒரு கிளாஸ் ஊத்திக்கிட்டு ஏணி ஏறுவான். ஒரு நாளாச்சும் தள்ளாடினான்னு எவனாச்சும் சொல்லட்டும்."

மகன் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக வந்தவர், மகனுக்கு வெறிக்காது என்று பெருமை பேசும்போது தான் என்ன சொல்லிவிட்டோம் என்றே உணரவில்லை. அவர் கணவர் கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று மெதுவாகக் கேட்டேன். படுத்திருந்தபடியே சுவரைப் பார்த்து சல்யூட் அடித்துக்கொண்டே இருந்தாராம். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

அப்பா சுவருக்கு சல்யூட் அடித்தார். மகன் காற்றில் கிரேன் ஓட்டுகிறார்.

அறுவை அறை வாசலில் சர்ஜனைப் பிடித்தேன். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வயிற்றில் குண்டு பாய்ந்தவன் பிழைக்கவில்லை. நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார்:

"நீ சொல்வது தப்பாக இருந்தால்?"

"உள்ளே ரத்தம் கட்டிச் செத்துப்போவார், மிசியே."

"நீ சொல்வது சரியாக இருந்து, நான் துளை போட்டால்?"

"இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது. அதிலும் செத்துப்போவார்."

"இரண்டு பக்கமும் சாவு. உன் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்?"

"துளையை ஒரு மணி நேரம் கழித்தும் போடலாம். போட்ட துளையைத் திரும்ப மூட முடியாது."

பற்றவைக்காத சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவரச் சொன்னார். தூக்க மருந்து கொடு, பக்கத்திலேயே உட்கார், கருமணி ஒன்று பெரிதானால் ஓடி வா என்றார். நான் டார்ச்சோடு உட்கார்ந்தேன். அந்த மருந்துக்கு அழுகிய பழமும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் உண்டு. வார்டு முழுக்க அது பரவியது. சவேரியின் கைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியை விட்டன. கருமணிகள் கடைசிவரை சமமாகவே இருந்தன. ஆள் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டை மாதிரி ஒரு சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

இதுவரைக்கும் உள்ள கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் கெட்டிக்காரனாகத் தெரிவேன். வெட்கப்பட வைக்காத கேள்வியைக் கேள், உண்மை தானாக வரும் என்று ஒரு பாடத்தையும் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். அந்தப் பாடமும் உண்மைதான், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

சவேரி தெளிந்து எழுந்தார். கம்பெனி டாக்டர் விசாரிக்க வந்தபோது, தலையில் பலத்த அடி, இப்போது சரியாகிவிட்டது என்று சர்ஜன் சொல்லி அனுப்பினார். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. சீட்டு தப்பியது. லூயி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அன்று மாலை சர்ஜன் வந்து சவேரியின் படுக்கையில் உட்கார்ந்தார், நான் தமிழில் சொன்னேன். சவேரிக்குப் பிரெஞ்சு தெரியும், ஆனால் நோய் விஷயத்தை அப்பாவின் மொழியில் கேட்க விரும்பினார். லூயி பக்கத்தில் நின்றான். சர்ஜன் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. குடியை நிறுத்த ஐரோப்பாவில் ஒரு புது மாத்திரை வந்திருக்கிறதாம். அதை விழுங்கியவன் ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுப்பானாம். "உன் தம்பியைப் பார்" என்றார் சர்ஜன். "அந்த மாத்திரையைப் பிறக்கும்போதே விழுங்கிவிட்டு வந்தவன். அம்மாவின் ரத்தத்தில் அது இருக்கிறது, அவனுக்குக் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. நீ உன் அப்பா. சாராயம் உன்னை எச்சரிக்கவே எச்சரிக்காது. உங்களில் சிவக்கிறவன் தப்பித்தவன். சிவக்காதவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்."

எவ்வளவு நாளாக நாங்கள் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெத் தோறும் தெளிவானவன் என்று வார்டுக்கு அனுப்பப்பட்ட எல்லா முகமும் என் கண் முன்னால் ஓடியது, என் முகமும்தான். யாராவது ஒருநாள் இதை ரத்தத்தில் அளந்து, கண்ணாடிக் குழாயில் காட்டுவார்கள் என்று அப்போதே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

சவேரி ஒன்றே ஒன்று கேட்டார். "எம் புள்ளைங்களுக்கு?"

"ஒரே வயிற்றில் பிறந்த நீங்கள் இருவரும் இரண்டு விதம்" என்றார் சர்ஜன். "அவர்களிலும் ஒருவர் அப்படி, ஒருவர் இப்படி இருக்கலாம். ஆனால் அதற்காக..."

வராந்தாவில் கூச்சல் கேட்டது. இரண்டு ஸ்ட்ரெச்சர். சர்ஜன் எழுந்து போய்விட்டார். அந்த வாக்கியத்தின் மீதியை அவர் திரும்பி வந்து சொல்லவில்லை. எனக்கு மீதி தெரியாது. கேட்டவரைக்கும் சவேரிக்குத் தமிழில் சொல்லி முடித்துவிட்டேன்.

சில வாரம் கழித்து, கப்பல் கிளம்புவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பென் தான் சந்தைக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். சவேரி ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு சின்னத் தேநீர்க் கோப்பைகள். ரம் வாசனை. பையன் மிக்கேல் முகமெல்லாம் செக்கச்செவேல் என்று தேம்பி அழுதுகொண்டிருந்தான். பெண் மதலேன் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்ல பிள்ளையாகக் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

"வா தம்பி" என்றார். பையனைக் காட்டி, "இது தப்பிச்சுது" என்றார். பிறகு பெண்ணைப் பார்த்தார். "இது என்னோடது."

பையனைத் தன்னோடு கொண்டுபோவதாகச் சொன்னார். பெண் இங்கேயே லூயி வீட்டில் இருக்கும். எனக்குக் கோபம் வந்தது. எரிகிற ஊரில் விட்டுவிட்டா என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். லூயி வீட்டில் ஒரு சொட்டு இருக்காது, இருக்க முடியாது. தன் வீட்டில் இருக்கும். "நான் நிறுத்த மாட்டேன் தம்பி. என்னப் பத்தி எனக்குத் தெரியும். எங்கப்பா ஊத்துறதப் பாத்துப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன். பையன் பாத்தாலும் அவன் ஒடம்பு விடாது. இவ பாக்கக் கூடாது."

நான் வாதாடினேன். முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றேன். ஒரு ரத்தம் ஒரு பக்கம் லேசாகச் சாய்க்கும், அவ்வளவுதான், தள்ளிவிடாது என்றேன். அந்த மீதி வாக்கியம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஆனால் சொன்னது நான், சர்ஜன் இல்லை. கடைசியில், "நானும் செவக்காதவன்தான் அண்ணே, எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு இன்னும் வயசு இருக்கு" என்றார்.

சர்ஜனைக் கூட்டிவந்து சொல்லவைக்கலாம் என்று ஓடினேன். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், முதல் நாளே போய்விட்டிருந்தார். லூயியிடம் பேசினேன். அவன் தன் முகத்தைத் தடவிக்கொண்டு, அண்ணன் சொல்வதும் சரிதானே என்றான். அவர்கள் அம்மா மட்டும் எல்லோரையும் திட்டினார், சர்ஜனை, என்னை, இறந்துபோன கணவரை, எல்லோரையும் டா போட்டு.

உங்களில் பலர் நாளைக்கு ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, இது உங்கள் குடும்பத்தில் ஓடுகிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டி வரும். குடி மட்டும் இல்லை, சர்க்கரை, இளைப்பு, மனநோய், எதுவாகவும் இருக்கலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்பவர் காதில் முதல் பாதிதான் விழும், அதைக் கேட்டதும் அவர் வீட்டுக்குப் போய் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார். அதனால் ஸ்ட்ரெச்சர் வந்தால் நிற்கட்டும். இல்லையென்றால் ஓடிப்போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். திரும்பி வந்து மீதியைச் சொல்லுங்கள். மீதி தெரியாவிட்டால், மீதி ஒன்று இருக்கிறது, அது எங்களுக்கு இன்னும் தெரியாது என்பதையாவது சொல்லுங்கள்.

கப்பல் கிளம்பிய அன்று துறைமுகத்துக்குப் போனேன். சவேரி முன்பு ஓட்டிய கிரேன் ஆளில்லாமல் நின்றது. அவர் மேல்தளத்தில் ஊன்றுகோலோடு, பையனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே லூயியும் அம்மாவும் மதலேனும். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கன்னங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக இல்லை, துணி துவைப்பது போல. தோல் உரிந்துவிடும் என்று பயந்து நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டுத் தேய்த்தாள்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. அவள் முகத்தை மேலே தூக்கி, "அப்பா, இப்பப் பாருங்க" என்று கத்தினாள். சங்குச் சத்தத்தில் அது அங்கே கேட்டிருக்காது. மறுபடி கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "செவந்திருக்கா?" என்று கேட்டாள்.

நன்றாகவே சிவந்திருந்தது.